அண்ணன் தம்பி பட்டறை லெமான்ஸ் ரேஸை ஜெயித்ததா? கிரெமர் அணி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் தம்பியும் டூவீலர் பட்டறை நடத்துகிறோம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி போர்ஷே 992 கார்களுக்கான பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து தம்பிக்கு வேறு பேச்சே இல்லை. ஜெர்மனியில் கிரெமர் என்று அண்ணன் தம்பி இருவர், சொந்தப் பட்டறையில் போர்ஷே காரைத் திருத்திக் கட்டி, பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர ரேஸான லெமான்ஸையே ஜெயித்தார்கள் என்கிறான். கம்பெனிகளே அணியோடு வந்து மோதுகிற இடத்தில் அது எப்படி முடியும்?

முத்தியால்பேட்டை டீசல் பம்ப்:
உண்மைதான் தம்பி. லெமான்ஸை எங்கள் புதுச்சேரிப் பக்கம் லெ மான் என்போம். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1979-இல் பிரான்ஸில்தான் இருந்தார். ஜெயித்த 41-ஆம் எண் காரின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

எர்வின் அண்ணன், மான்ஃப்ரெட் தம்பி. 1962-இல் கொலோன் நகரில் தொடங்கினார்கள். எர்வின் நல்ல ஓட்டுநர். 1968-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேர ரேஸை போர்ஷே 911 காரில் ஜெயித்த மூவரில் அவரும் ஒருவர். மான்ஃப்ரெட் கை வேலைக்காரர், காரைக் கட்டுவது அவர் பொறுப்பு.

போர்ஷே 935-ஐ எடுத்து இவர்கள் செய்ததுதான் கே3. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று சூடாகிவிடும், அதைக் குளிர வைத்தால்தான் எஞ்சினுக்கு முழு பலம் கிடைக்கும். கம்பெனி கார் அந்தக் காற்றைத் தண்ணீரால் குளிர வைத்தது. கே3-இல் வெளிக்காற்றே நேராகக் குளிர வைக்கிற மாதிரி இன்டர்கூலரை மாற்றினார்கள். கம்பெனி செய்து கொடுத்ததைப் பிரித்துப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று துணிந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரேஸுக்கு வருகிறேன். ஓட்டியவர்கள் கிளாஸ் லுட்விக், அமெரிக்காவின் விட்டிங்டன் சகோதரர்கள் டான், பில். காரைக் கட்டியதும் அண்ணன் தம்பி, ஓட்டியதிலும் அண்ணன் தம்பி! மழையில் நடந்த ரேஸ். ஞாயிறு காலை இவர்கள்தான் முன்னால். டான் ஓட்டும்போது, பந்தயப் பாதையில் முல்சான் என்ற நீண்ட நேர்ச்சாலையில் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் அறுந்துபோனது. நானும் என் தம்பியும் 22 வருஷமாகப் பம்ப் வேலைதான் பார்க்கிறோம். பம்ப் நின்றால் எஞ்சினுக்குச் சொட்டு பெட்ரோல் போகாது, அந்த இடத்திலேயே வண்டி நிற்கும். டான் இறங்கினார், பின்பக்க மூடியைத் திறந்தார், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைக் கழற்றிப் பம்ப்பில் மாட்டி, அணி வண்டியைப் பார்க்கிற பிட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் ஜெயித்தார்கள்.

ஏன் அவரே செய்தார் என்று கேட்பீர்கள். பாதையில் நின்ற காரை ஓட்டுநர்தான் சரி செய்ய வேண்டும், வெளியாள் உதவக் கூடாது என்பது அங்கே விதி. அதே ரேஸில் போர்ஷே கம்பெனி இரண்டு 936 கார்களை இறக்கியது. ஜாக்கி இக்ஸ் ஓட்டிய காரை வெளியிலிருந்து உதவி பெற்றதற்காக நீக்கினார்கள். இன்னொன்று எஞ்சின் கோளாறில் நின்றது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

உப்பளம் ரசிகன்:
ஒன்று சேர்க்கிறேன். அன்று இரண்டாவதாக வந்ததும் 935தான். அதை ஓட்டிய மூவரில் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் ஒருவர், வயது 54! பிட்டில் சக்கர நட் இறுகிக் கழலாமல் அவர்களுக்கு நிறைய நேரம் வீணானது. அந்த நட் ஒழுங்காகக் கழன்றிருந்தால் கதையே மாறியிருக்கலாம்.

1983-இல் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் மாரியோ ஆண்ட்ரெட்டியும் மகன் மைக்கேலும் கிரெமரின் போர்ஷே 956 காரில் லெ மானில் மூன்றாவதாக வந்தார்கள். கூட ஓட்டியவர் பிலிப் அலியோ. அப்புறம் 1995-இல் கே8 என்ற கூரையில்லாத காரில் கிரெமர் அணி அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேர ரேஸை ஜெயித்தது.

முத்தியால்பேட்டை டீசல் பம்ப்:
நடுவில் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். 1985-இல் கனடாவின் மோஸ்போர்ட்டில் ஓட்டுநர் மான்ஃப்ரெட் விங்கல்ஹாக், 1986-இல் லெ மானில் ஜோ கார்ட்னர், இருவருமே கிரெமரின் 962 காரில் உயிர் விட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு வருஷம். நம் கையால் முடுக்கிய வண்டியில் போன ஆள் திரும்பி வரவில்லை என்றால் பட்டறைக்காரனுக்கு எப்படி இருக்கும்? அதற்குப் பிறகும் காலையில் ஷட்டரைத் தூக்கி வேலையைத் தொடங்கினார்கள். எர்வின் 2006-இல் காலமானார்.

கெடிலக்கரை:
அண்ணே, தம்பிக்கு முழுதும் படித்துக் காட்டினேன். பெல்ட் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டான். சனிக்கிழமை நாங்கள் இருவரும் புதுச்சேரி வருகிறோம், பெரியப்பாவின் நோட்டைப் பார்க்கலாமா?

முத்தியால்பேட்டை டீசல் பம்ப்:
தாராளமாக வாங்க. சனிக்கிழமை அரை நாள்தான் பட்டறை, இரண்டு மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேசலாம். பசை காய்ந்து தாள் உதிர்கிறது, மெதுவாகத்தான் புரட்ட வேண்டும்.