11 வருடம் கழித்து வந்த காலேஜ் ஃபுட்பால்: ஆடியவர்கள் சொல்லுங்கள்

கொலம்பஸ், ஒஹாயோ

2024 ஜூலை 19-க்குப் பிறகு அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் போனை எடுப்பதில்லை. காரணம் அன்று வந்த காலேஜ் ஃபுட்பால் 25, அமெரிக்கக் கல்லூரி அணிகளை வைத்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் வீடியோ கேம். இந்த வரிசையில் இதற்கு முன் ஆட்டம் வந்தது 2013-இல். கல்லூரி வீரர்களை அச்சு அசலாகக் காட்டிக் காசு பார்க்கிறீர்கள், அவர்களுக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லையே என்று எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் தொடுத்த வழக்கோடு அது நின்றுபோனது. 2021-இல் விதி மாறி, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றான பிறகுதான் திரும்ப வர வழி பிறந்தது. இதெல்லாம் தெரிந்த கதை. நான் கேட்பது, யாரோடு ஆடினீர்கள், என்ன நடந்தது?

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸில் ஐம்பது தாண்டிய ஒருவர், இதே ஊர்க்காரர். 2013 ஆட்டத்துக்காகவே பழைய பிளேஸ்டேஷன் 3-ஐத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு சீசனுக்கும் ரசிகர்கள் உட்கார்ந்து செய்து தரும் புது வீரர் பட்டியலை இறக்கி ஆடிக்கொண்டிருந்தவர். புது ஆட்டத்துக்கு என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒஹாயோ ஸ்டேட்டின் பாட்டை பேண்டு வாசிக்க ஆரம்பித்ததும் மனிதர் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுக் கூடவே பாடத் தொடங்கிவிட்டார். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தரும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக் ஓடித் தீர்ந்து, தாமதத்துக்கு 5 யார்டு அபராதம். "பரவாயில்லை, இதற்குத்தானே வாங்கினேன்" என்றார்.

காலேஜ் ஸ்டேஷன், டெக்சஸ்

நான் டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஆராய்ச்சி மாணவன். வெளியூர் அணிகளுக்கு மிகக் கஷ்டமான மைதானங்கள் என்று ஆட்டத்தை உருவாக்கியவர்கள் போட்ட பட்டியலில் எங்கள் கைல் ஃபீல்டுதான் முதலிடம். அலபாமா இரண்டு, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) மூன்று. லேபில் அலபாமாவில் படித்துவிட்டு வந்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் சும்மா விடுவானா? "கம்ப்யூட்டர் கூச்சலுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நானில்லை" என்று வந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, எட்டு யார்டு வேண்டும். கூட்டத்தின் சத்தத்தில் திரை குலுங்குகிறது. பந்தைப் பிடிக்கும் ரிசீவர் எந்தப் பக்கம் ஓடுவான் என்று காட்டும் கோடு நேராக இல்லாமல் புழு மாதிரி நெளிகிறது. பயல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றான். குத்துமதிப்பாக எறிந்தான், பந்து நேராக எங்கள் தடுப்பாட்டக்காரன், கார்னர்பேக் கையில். என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தில் உருப்படியான புதுமை இதுதான். முகம், வியர்வை, புல் எல்லாம் மற்ற ஆட்டங்களிலும் அழகாகத்தான் இருக்கின்றன. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் எங்களுடையது. உட்காரும் என்பதுகூடத் தப்பு, மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடிதான் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எதிரணியின் கண்ணைக் கட்டும் என்று யோசித்தவனுக்கு ஒரு சபாஷ்.

பெயர் வேண்டாம்

ஆட்டம் ஓடுவது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளில். அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குக் கிடையாது. எனவே ரூம்மேட் ஆட, நான் சமைக்கிறேன்.

மிட்வெஸ்ட், ஊர் சொல்லமாட்டேன்

நான் புள்ளியியல் பாடத்துக்கு டீச்சிங் அசிஸ்டன்ட். என் வகுப்பில் ஒரு பையன் கல்லூரி அணியில் இருக்கிறான், பெரும்பாலும் பெஞ்சில்தான். ஆட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அவனும் ஒருவன். ஆளுக்கு 600 டாலரும் ஆட்டத்தின் ஒரு பிரதியும். ஆபீஸ் நேரத்தில் சந்தேகம் கேட்க வந்தவன், நோட்டைத் திறப்பதற்கு முன் போனைத் திறந்து தன் படத்தைக் காட்டினான். ஜெர்சி எண் சரி, உயரம் சரி, முகம் யாரோ. அது அவனுக்குப் பிரச்சினையே இல்லை. தன் திறமைக்கு ஆட்டத்தில் போட்ட மதிப்பெண்ணில், அந்த ரேட்டிங்கில்தான் கோபம். "எந்த அடிப்படையில் சார் இந்த நம்பர்?" என்று கேட்டான். நான் சொல்லிக்கொடுக்க வந்த பாடமே அதுதான் என்பதால் அன்றைய வகுப்பு நன்றாகவே போனது. அவன் தம்பி வேண்டுமென்றே அண்ணனை மைதானத்தில் இறக்கி, தோற்க வைத்து, வீடியோ எடுத்து அனுப்புகிறானாம்.

600 டாலர் ரொம்பக் குறைச்சல் என்று இங்கே சிலர் பொங்குகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அந்தப் பையன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆஸ்டின், டெக்சஸ்

ஆட்டத்தின் அட்டையில், அப்போது எங்கள் டெக்சஸ் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த குவின் ஈவர்ஸ் இருக்கிறார், அதனால் நான் நடுநிலை இல்லை. ஆனாலும் டெக்சஸை விட்டுவிட்டு ஓர் அணியைப் பல சீசன் நடத்தும் டைனஸ்டி பகுதியில் கென்ட் ஸ்டேட் என்ற சின்ன அணியை எடுத்தேன். கோச்சாகி, சின்ன அணியை மேலே கொண்டுவருவதில்தான் ருசி. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கொடுக்கிறார்கள், அதைப் பள்ளிப் பையன்களைப் பிடிப்பதில் செலவழிக்க வேண்டும். ஒருவனுக்கு வீட்டுக்குப் பக்கமாக இருக்கணும், ஒருவனுக்கு உடனே ஆட இடம் வேணும், இன்னொருவனுக்கு டிவியில் முகம் தெரியணும். நான் போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா, மாப்பிள்ளை வீட்டார் பரவாயில்லை என்றார். அப்படிக் கெஞ்சிச் சேர்த்த ஒரு ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவன்), நன்றாக ஓடி ஒரு சீசன் முடித்ததும் வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நிஜத்திலும் சின்னக் கல்லூரிகளுக்கு இதே கதிதான்.

குறை இல்லாமல் இல்லை. ஒரே வீரனாக ஆடும் ரோட் டு குளோரியில், 2013 ஆட்டத்தில் பள்ளி மேட்சுகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். இதில் அது இல்லை, நேராகக் கல்லூரி. எனக்கு அந்தப் பகுதிதான் அப்போது பிடித்ததே.

கொலம்பஸ், ஒஹாயோ

ஆஸ்டின்காரரே, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சரி, ஆன்லைன் டைனஸ்டியில் 32 பேர் வரை சேரலாம். நம் ஆட்களை வைத்தே ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். எந்த அணி வேண்டும் என்று கீழே எழுதுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டை மட்டும் கேட்காதீர்கள், ஆபீஸ் பெரியவர் முந்திக்கொண்டார்.