புதுப்பிப்பு: செம்புக் குடத்தில் போகாத கருப்பு

புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். மேலோட்டமான மங்கலுக்கு அது சரி. கழுத்து மடிப்பிலும் அடியிலும் தடித்துப் படிந்த கருப்புக்குத் தேய்ப்பதைவிட ஊறவிடுவதுதான் வேலை செய்யும். எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்து, கனமாகப் பூசி 20 நிமிடம் விடுங்கள். காயவே கூடாது, மேலே ஈரத்துணி சுற்றுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேயுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம், கீறிவிடும்.

கழுவிய மறுநாளே திட்டுத்திட்டாகக் கருத்தால், மடிப்பில் புளிப்பு மிச்சமிருக்கிறது. லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடையுங்கள். செம்பில் படியும் பச்சைக் களிம்பை ஈரமாகவே எடுங்கள். காய்ந்தால் பறக்கும் அதன் தூள் மூக்கில் ஏறக்கூடாது. உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசிய பாத்திரமா? புளி வெளிப்பக்கத்துக்கு மட்டும்.