தமிழின் தொன்மை பற்றிப் பேச்சு: வன்னியில் இருந்து எதைச் சொல்லலாம்?

மல்லாவி_தையல்கடை:

எல்லோருக்கும் வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு இந்த முறை பள்ளிக்கூடத்தில் அவளைத் தெரிவு செய்திருக்கிறார்கள். தலைப்பு, தமிழின் தொன்மையும் சிறப்பும். இணையத்தில் தேடி ஒரு பேச்சு எழுதிக்கொண்டு வந்தாள். உலகத்தின் முதல் மொழி தமிழ், பத்தாயிரம் ஆண்டுச் சங்கம், கடல் கொண்ட குமரிக்கண்டம், கல் தோன்றி மண் தோன்றாக் காலம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் பேசிய பிள்ளையும் இதையேதான் பேசியது.

நான் இடப்பெயர்வுகளுக்குள் படித்தவள், ஓ/எல் பரீட்சையுடன் நின்றுவிட்டது. எது சரி, எது பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று. இந்தப் பேச்சில் மதுரை வருகிறது, பூம்புகார் வருகிறது, எங்கள் பக்கம் ஒரு ஊர்கூட வரவில்லை. வன்னியில் இருந்து காட்டக்கூடியது ஒன்றுமே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியாப்_பொடியன்:

அக்கா, ஏன் இல்லை? வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் குகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிராமி என்ற பழைய எழுத்து, கி.மு. காலத்தவை. தொல்லியலாளர் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் பாகத்தில் அவற்றின் வாசிப்பு இருக்கிறது. குகையைத் தானம் கொடுத்தவன் விசாகன் என்ற ஒரு வணிகன். அவனைத் தமிழ் வணிகன் என்றே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தி எங்கள் மாவட்டத்தில் ஒரு தமிழ் வியாபாரி! நான் இதை முதலில் வாசித்தபோது நித்திரையே வரவில்லை.

கண்டாவளை_வயல்:

தம்பி சொல்வது சரி, ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்வெட்டின் மொழி பிராகிருதம், தமிழ் இல்லை. குகை கொடுக்கப்பட்டது பௌத்த துறவிகளுக்கு. இதைப் போய்த் தமிழின் தொன்மை என்று மேடையில் சொன்னால், நாளைக்கு வேறு யாராவது அதையே எங்களுக்கு எதிராகத் திருப்ப மாட்டார்களா? பிள்ளை குமரிக்கண்டத்தைப் பேசிவிட்டுப் போகட்டும். சபை கைதட்டும், பிள்ளைக்கும் உற்சாகம்.

முள்ளியவளை_வாத்தியார்:

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். இந்தப் போட்டிகளில் நடுவராகவும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் மகளுக்குச் சொல்லுங்கள். இறையனார் களவியல் உரை என்ற பழைய இலக்கண உரையில் முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850 என்று இருக்கிறது. கூட்டினால் 9990. அந்த உரையே ஏறக்குறைய கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் உருவானது. இதை மரபுக் கதையாகச் சொல்லலாம், வரலாறாகச் சொல்லக்கூடாது. "கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே" புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில், கரந்தைப் படலத்தில் வருகிறது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போகும் மறக்குடியின் பழமையைப் புகழும் வெண்பா அது. தமிழ் மொழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நடுவர் மேசையில் இருந்துகொண்டு இந்த அடியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும், ஏனென்றால் பேசும் பிள்ளைக்கு அந்தப் பாட்டின் மிச்ச மூன்று அடியையும் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

குமரிக்கண்டமும் அப்படித்தான். கடல் நிலத்தைக் கொண்டது என்ற பழைய நினைவு சிலப்பதிகாரத்தில் உண்டு. ஆனால் ஒரு கண்டமே மூழ்கியது என்ற எண்ணம், 1864இல் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சொன்ன லெமூரியாவோடு பிறகு வந்து சேர்ந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு புவியியலாளர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். முதல் மொழி எது என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்துச் சான்றைப் பார்த்தால் சுமேரியமும் எகிப்தியமும் ஐயாயிரம் ஆண்டு பழையவை, தமிழை விட மூத்தவை. ஆனால் சுமேரியம் பேசும் வீடு இன்று உலகத்தில் ஒன்றும் இல்லை. தமிழுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலான எழுத்து இருக்கிறது, அதே மொழியில் உங்கள் மகள் பேசப்போகிறாள். இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது.

மதுரைப் பக்கம் மாங்குளம் என்று ஓர் ஊர் (எங்கள் ஏ9 சந்தி மாங்குளம் இல்லை, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்). அங்கே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. கீழடி அகழாய்வில் எடுத்த மாதிரிப் பொருள் ஒன்றுக்குக் கி.மு. 580 என்ற காலத்தைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அந்தக் காலக்கணிப்பில் இன்னும் வாதம் நடக்கிறது, ஆகையால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம்.

இனி எங்கள் பக்கம். கண்டாவளை நண்பருக்கு என் பதில்: ஆம், பெரியபுளியங்குளத்துக் கல்வெட்டு பிராகிருதம்தான். அந்தக் காலத்தில் வன்னியில் தமிழ் எழுதப்பட்டது என்று அதைக் கொண்டு நிறுவ முடியாது. தமிழன் என்று மற்றவர்களால் அடையாளம் காணப்பட்ட ஒருவன், குகையைத் தானம் செய்யும் வசதியோடு இங்கே இருந்தான் என்று நிறுவலாம். அவன் பௌத்தர்களுக்குக் கொடுத்தான் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? மணிமேகலையைப் பாடியதும் ஒரு தமிழ்ப் பௌத்தர்தான். குறையாமல் சொன்ன உண்மையை யாராலும் திருப்ப முடியாது.

பூநகரியில் பேராசிரியர் புஷ்பரட்ணம் கள ஆய்வு செய்து பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அந்த ஆய்வு 1993இல் நூலாகவும் வந்தது. மன்னார்ப் பக்கம் மாதோட்டம். அங்கே உள்ள திருக்கேதீச்சரம் சிவன் கோயிலைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள், அங்குள்ள பாலாவித் தீர்த்தக் கரையைச் சுந்தரர் பெயர் சொல்லியே பாடுகிறார். சங்கப் பாட்டில் ஈழத்துப் பூதன்தேவனார் இருக்கிறார். அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று.

இவையெல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது வற்றாப்பளை அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு முதல் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, எங்கள் காட்டா விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றி, பிறகு அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். மகளும் பார்த்திருப்பாள். அந்த அம்மன் யார்? கண்ணகி. சிலப்பதிகாரத்தில், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும் வந்திருந்தான் என்று இருக்கிறது. அந்தக் கதை எங்கள் ஊரில் ஏட்டோடு நிற்கவில்லை. கோயிலில் சிலம்பு கூறல் என்ற கண்ணகி கதைப் பாட்டைப் படிப்பார்கள். கோவலன் கூத்தை முல்லைமோடி என்ற எங்கள் பக்கத்துக் கூத்துப் பாணியில் விடிய விடிய ஆடுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத என் அப்பாச்சி, கோவலன் கொலைக்களம் போகும் கட்டத்தை வரி தவறாமல் பாடுவா. பாடிக்கொண்டே அழுவா. காப்பியம் எழுதியவர் யார், எந்த நூற்றாண்டு என்று அவவுக்குத் தெரியாது. சிங்கள மக்கள் அதே தாயைப் பத்தினி தெய்வமாக வணங்குகிறார்கள். ஒரு பழைய கதை ஆயிரம் ஆண்டு கடந்தும் ஒரு காட்டுக் கிராமத்துக் கிழவியின் வாயில் இருந்ததை, தொன்மை பற்றிய பேச்சில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? மகளின் பேச்சில் பாதி இதுவாக இருக்கட்டும்.

ஒட்டுசுட்டான்_ரோட்டு:

வாத்தியார் தொன்மையைச் சொல்லிவிட்டார், தலைப்பில் சிறப்பும் இருக்கிறதே. இந்திய அரசு 2004இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது, அந்நாட்டில் முதலில் அந்த நிலையைப் பெற்ற மொழி தமிழ்தான். எங்கள் நாட்டில் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் வந்த பிறகுதான் அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழியானது. சட்டத்தில் இருந்தாலும், போன மாதம் ஓர் அரச அலுவலகத்தில் இருந்து அம்மாவுக்கு வந்த கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. வாசிக்க ஆள் தேடி ஊரெல்லாம் திரிந்தோம். செம்மொழி என்ற பெருமையைப் பேசும் பிள்ளை இதையும் பேசத்தான் வேண்டும்.

முள்ளியவளை_வாத்தியார்:

நியாயமான கதை. 1956, 1987 என்ற ஆண்டு இரண்டையும் பிள்ளை சொல்லட்டும். தாமோதரம்பிள்ளையையும் ஒரு வரி சேருங்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். கலித்தொகையை ஏட்டில் இருந்து எடுத்து 1887இல் அச்சேற்றினார். செம்மொழி என்று இன்று சொல்வதற்கு ஏட்டைத் தேடி அலைந்த இந்த மனிதர்கள்தான் காரணம்.

மல்லாவி_தையல்கடை:

எல்லோருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவிட்டாள். குமரிக்கண்டத்தை எடுத்துவிட்டோம். வற்றாப்பளையில் தொடங்கி, விசாகனுக்குப் போய், பிறகு மதுரை. சேர், ஒரு கேள்வி. யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டை முத்திரையை அவளுடைய ரீச்சர் சேர்க்கச் சொல்கிறா. சேர்க்கலாமா?

முள்ளியவளை_வாத்தியார்:

சேர்க்கலாம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியில் கிடைத்தது. மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்து. அவ்வளவையும் சொல்லலாம். எழுத்தை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை, ஆகையால் வாசிப்பை முடிவாகச் சொல்ல வேண்டாம். நாலைந்து நிமிடப் பேச்சுக்கு இதற்கு மேல் ஏற்றினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்.

வவுனியாப்_பொடியன்:

அக்கா, பரணவிதானவின் புத்தகத்தில் பெரியபுளியங்குளம் வரும் பக்கத்தைப் போட்டோப்பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வேலை அலுவலாக மல்லாவி வருகிறேன், கடையில் தந்துவிட்டுப் போகிறேன். தங்கச்சி மேடையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசட்டும்.