பென் டிரைவில் தமிழ்த் தட்டச்சு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போகும்போது மடிக்கணினியைச் சுமக்காமல், 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றோடு வேலையை முடிக்க வேண்டும். போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தின் லிப்ரேஆபிஸ், ஃபயர்பாக்ஸ், கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீபாஸ் மூன்றும் அதில் இருக்கின்றன. நிறுவத் தேவையில்லை, செருகியதும் ஓடும்.

சிக்கல் தமிழில்தான். பொதுக் கணினியில் அமைப்புப் பக்கம் பூட்டியிருப்பதால் விண்டோஸில் அஞ்சல் விசைப்பலகையை (ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி தமிழில் தட்டும் முறை) சேர்க்க முடியவில்லை. சேர்க்க முடிந்த இடத்திலும், கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்கே போய்விடுகிறது. உலாவியில் தட்டச்சு செய்து ஒட்டலாம், ஆனால் இணையம் வேண்டும். நிர்வாகி அனுமதி கேட்காமல், இணையம் இல்லாமல், பென் டிரைவிலிருந்தே ஓடும் அஞ்சல் அல்லது தமிழ்99 (விசைகளில் தமிழ் எழுத்துகளையே அமைத்த முறை) விசைமாற்றி எது? விசைகளை மாற்றியமைக்க உதவும் ஆட்டோஹாட்கீ மென்பொருளில் யாராவது எழுதி வைத்திருந்தால் அந்தக் கோப்பைப் பகிருங்கள், பேருதவியாக இருக்கும்.

எழுத்துரு பிரச்சினை தீர்ந்துவிட்டது: லிப்ரேஆபிஸில் கோப்பு, பண்புகள், எழுத்துரு என்று போய் ஆவணத்திலேயே பதிக்கும் வசதியைத் தேர்ந்தால் போதும்.

இன்னொன்று. லிப்ரேஆபிஸ் திறக்க மிகவும் தாமதமாகிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பதால் யூஎஸ்பி 2 டிரைவ் திணறும் என்பது புரிகிறது. யூஎஸ்பி 3 டிரைவுக்கு மாறியவர்களுக்கு, பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினாலும் வேகம் கூடியதா?