உதவி: தப்பு மேளம் நின்றதும் ஒப்பாரி கேட்பதில்லை, மைக் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏஜிசியை என்ன செய்வது?

ஹட்டன்பக்கம்
அவசரம். நாளை இரவு எங்கள் தோட்டத்தில் காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை நேரலையில் காட்ட வேண்டும், கோத்தகிரியில் சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஒத்திகையில் தப்பு ஓய்ந்ததும் காமனின் மனைவி ரதியின் ஒப்பாரி முதல் இரண்டு அடி கேட்கவே இல்லை. அப்புறம் மெல்லக் குரல் ஏறுகிறது. எல்லாரும் அமைதியானால் தகரத்தில் விழும் மழைதான் இரைகிறது. ஏஜிசியில் எதை மாற்றுவது?

தலவாக்கலை_தம்பி
எந்த சொஃப்ட்வெயார்? போனா, லெப்டொப்பா? மைக் எது, எங்கே வைத்தீர்கள்?

பதுளை_வயர்மேன்
இது ஏஜிசியே இல்லை. தோட்ட லயத்து வீடுகளில் கரன்ட் ஏறி இறங்கும், எங்களுக்குத் தெரியாததா. சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒலிவாத்தியார்
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். சத்தம் கூடினால் ஏஜிசி கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, சட்டென்று இறக்கும், அது அட்டாக். சத்தம் குறைந்தபின் நிதானமாக ஏற்றும், அது ரிலீஸ். தப்படி கெயினை இறக்கிவிட்டது. அது ஏறி வருவதற்குள் ரதி அழ ஆரம்பித்துவிட்டாள். யாரும் பேசாதபோது மழையைத்தான் குரல் என்று நினைத்துத் தூக்குகிறது. ரிலீஸைக் குறையுங்கள், முடிந்தது.

தலவாக்கலை_தம்பி
வாத்தியாரே, அவர் எதில் செய்கிறார் என்றே இன்னும் சொல்லவில்லை. ஓபிஎஸ் என்ற நேரலை சொஃப்ட்வெயாரில், சத்தத்தை அடக்கும் கம்பிரஸரில் ரிலீஸ் இருக்கிறது. சூமில் அப்படி ஒன்றைத் தொடவே விடமாட்டார்கள்.

ஹட்டன்பக்கம்
சூம்தான். விண்டோஸ் லெப்டொப், யூஎஸ்பி மைக்.

தலவாக்கலை_தம்பி
அப்படியானால் சூமின் ஓடியோ செட்டிங்ஸில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கேயே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷியன்ஸ்' இருக்கும், அதை ஓன் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஓன் செய்தால் மட்டும் போதாது, மீட்டிங்குக்குள் போனபின் திரையில் வரும் பட்டனையும் தட்ட வேண்டும். பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். இல்லாவிட்டால் சூம் தப்பையே இரைச்சல் என்று வெட்டிவிடும். உயர்தர ஒலிக்கான ஹை ஃபிடெலிட்டி வேண்டாம், டேட்டா தாங்காது. எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலை ஓஃப் செய்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.
விண்டோஸ் பக்கமும் பாருங்கள். மைக் ப்ரொப்பர்டீஸில் ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஓனில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேர் கெயினைப் பிடித்து இழுப்பார்கள். அங்கேயே ஒரு செயலி மைக்கைத் தனக்கு மட்டும் என்று எடுக்க அனுமதிக்கும் டிக்கையும் நீக்குங்கள். பிறகு தப்பைப் பலமாக அடிக்கச் சொல்லி, மீட்டர் சிவப்புக்குப் போகாதபடி மைக் அளவை வையுங்கள்.

ஒலிவாத்தியார்
அப்படி வைத்தால் ஒப்பாரி முணுமுணுப்பாகத்தான் வரும். தப்புக்காரர்களை நாலு பாகம் தூரம் தள்ளி நிறுத்துங்கள்.

மஸ்கெலியா_மாசி
தள்ளி நிறுத்துவதா? காமன் கம்பம் நட்ட நாளிலிருந்து தீ வைக்கும் பௌர்ணமி வரை கூத்தை நடத்துவதே அந்தத் தப்புதான். தோல் பனியில் தொய்ந்துவிடும் என்று நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி விடிய விடிய அடிக்கிறவர்களை மைக்குக்காக ஓரம் கட்டச் சொல்கிறீர்கள். எங்கள் அப்பா காலத்தில் சாமி கும்பிடும்போதும் எங்களைத் தள்ளி நில் என்று இதையேதான் சொன்னார்கள்.

ஒலிவாத்தியார்
நான் ஒலியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதீர்கள்.

மஸ்கெலியா_மாசி
இழுத்தது நான் இல்லை அண்ணே.

தலவாக்கலை_தம்பி
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தப்பு இருக்கிற இடத்தில் இருக்கட்டும், மைக்கை ரதிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் அவள் குரல் 6 டெசிபல் கூடும், தப்பு பெரிதாக மாறாது. ரதி வேஷக்காரருக்குக் கொலர் மைக் ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

நுவரெலியா_குளிர்
மழைக்கு, மெல்லிய சத்தத்தை மூடிவிடும் நொய்ஸ் கேட் போட்டால் என்ன?

தலவாக்கலை_தம்பி
ஒப்பாரி இழுத்து அடங்கும் இடமெல்லாம் அறுந்துபோகும். மழை கேட்டால் கேட்கட்டும். மாசி மாதத்தில் மழை பெய்கிறதே, அதுதான் ஆச்சரியம்.

ஒலிவாத்தியார்
நான் முதலிலேயே சொன்னது ஏஜிசிதான் என்று. பதிவில் இருக்கிறது.

ஹட்டன்பக்கம்
கூத்து முடிந்தது. சரியாக்கியது ஒரிஜினல் சவுண்டும் மைக் அளவு டிக்கை எடுத்ததும்தான். கொலர் மைக் கிடைக்கவில்லை, யூஎஸ்பி மைக்கையே கம்பத்தடியில் கட்டினோம். ஒப்பாரி முழுதும் கேட்டது என்று கோத்தகிரியில் சொன்னார்கள். நன்றி தம்பி. தூக்கம் வருகிறது.

பதுளை_வயர்மேன்
சார்ஜரைக் கழற்றினீர்களா, இல்லையா?