தேனி கார்டு, இடுக்கி வேலை: ஊரடங்கு நிவாரணத்தில் எதை எங்கே வாங்குவது?

(இணைய மன்றக் கேள்வி-பதில், ஜூன் 2021. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர். தொகை, விலை, விதி எல்லாம் அப்போதைய நிலவரம்.)

ஏலமலை

வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்ட வேலை, குடும்பத்தோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தங்கல், ரேஷன் கார்டு மட்டும் கம்பத்திலோ போடியிலோ. இப்படி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழக அரசின் 4000 ரூபாய், 14 பொருள் மளிகை, மத்திய அரசின் இலவச அரிசி, கேரள அரசின் மளிகைக் கிட், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முன்பணம், இதில் எதை மலையிலேயே வாங்கலாம்? எதற்குக் கீழே இறங்கியே ஆகணும்? பேசாமல் கேரளக் கார்டுக்கு மாறிவிடு என்கிறார்கள் சிலர். அது சரியா?

கம்பம்மெட்டு

முதலில் ஸ்மார்ட் கார்டில் படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பி.ஹெச்.ஹெச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.ஹெச்.ஹெச்.-ஏ.ஏ.ஒய். (அந்த்யோதயா, மிக ஏழைக் குடும்பம்) என்றிருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' படி கேரளக் கடையிலும் அரிசி கிடைக்கும். என்.பி.ஹெச்.ஹெச். (முன்னுரிமை இல்லாதது) என்றிருந்தால் கிடைக்காது. தமிழ்நாட்டுக் கடையில் இரண்டுக்குமே அரிசி போடுவதால் இந்த வித்தியாசம் பலருக்கும் தெரியாது. மலைக்கு வந்து கடைக்காரரிடம் சண்டை போட்ட பிறகுதான் புரிகிறது.

பி.ஹெச்.ஹெச். கார்டில் தலைக்கு மாதம் 5 கிலோ. நம்ம ஊரில் அது சும்மா. வெளிமாநிலக் கடையில் மத்திய அரசு விலை, அதாவது அரிசி கிலோ 3 ரூபாய். இதுபோக மத்திய அரசின் கொரோனா கால இலவசத் திட்டத்தில் தலைக்கு இன்னொரு 5 கிலோ, அதற்குக் காசு இல்லை. நாலு பேர் குடும்பம் என்றால் 20 கிலோவுக்கு 60 ரூபாய், இன்னொரு 20 கிலோ இலவசம். 40 கிலோவுக்கும் பணம் கேட்டால் பில்லை வாங்கிப் பாருங்கள்.

சீனி, பருப்பு, பாமாயில் எல்லாம் தமிழக அரசு தன் கையிலிருந்து போடுவது. அது எல்லை தாண்டாது. 2000, 2000 ஆகத் தரும் 4000 ரூபாயும் 14 பொருளும் அப்படியே, கார்டு எந்தக் கடையில் பதிவோ அங்கேதான். அதனால் ரொக்கத்துக்கும் மளிகைக்கும் ஒருவர் ஒரே நடையாக இறங்கி வருவது, அரிசியை மலையில் வாங்குவது. இதுதான் தோது.

கார்டை மாற்றும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். கேரளத்தில் புதுக் கார்டு வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக் கார்டில் பெயரை நீக்க வேண்டும். நீக்கினால் நிவாரணப் பணம் போச்சு. கிட்டுக்கு ஆசைப்பட்டு கையில் இருப்பதை விடுவதா?

தராசுமுள்

மேலே சொன்னதோடு ஒன்று: ரேஷன் கடை மிஷினில் விரல் ரேகை விழாததுதான் பாதிச் சிக்கல். கொழுந்து கிள்ளி, காய் எடுத்துக் கறையேறிய விரலில் கோடே தெரியாது. வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போகாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மோதிர விரலைப் பாருங்கள், அதில் தேய்மானம் குறைவு. கார்டில் ஆதார் சேர்த்த யார் வேண்டுமானாலும் வைக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளை விரல் சட்டென்று விழும்.

அந்தந்த மாத அரிசி அந்த மாதத்தோடு சரி, அடுத்த மாதம் சேர்த்துத் தரமாட்டார்கள். கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். புகாருக்கு 14445.

யுஏஎன்

பி.எஃப். முன்பணத்துக்கு எங்கும் இறங்க வேண்டாம், ஆன்லைன்தான். படிவம் 31, காரணத்தில் கொரோனா பெருந்தொற்று. கணக்கில் இருப்பதில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இரண்டில் எது குறைவோ அது. சம்பளம் 9000, இருப்பு 20,000 என்றால் 27,000 வராது, 15,000தான். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. போன வருஷம் எடுத்தவர்களும் இன்னொரு தடவை எடுக்கலாம் என்று 2021 மே 31-ல் அறிவித்துவிட்டார்கள்.

தள்ளுபடியாவது பெரும்பாலும் இனிஷியலால். ஆதாரில் 'முருகன் எஸ்', பி.எஃப்.பில் 'எஸ் முருகன்', பாஸ்புக்கில் வெறும் 'முருகன்'. மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். எஸ்டேட் ஆபீஸ் ஒப்புதல் வேண்டியிருக்கும், கொஞ்சம் நாளாகும். பாஸ்புக் முதல் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றும்போது பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. (வங்கிக் கிளைக் குறியீடு) மூன்றும் அச்சில் தெளிவாகத் தெரியணும். பேனாவில் எழுதிய பாஸ்புக் செல்லாது.

சிண்டிகேட் பேங்க் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். கனரா பேங்கோடு சேர்ந்தாச்சு, பழைய ஐ.எஃப்.எஸ்.சி. 2021 ஜூலை 1 முதல் செல்லாது. புது எண்ணை ஏற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஏலமலை

நன்றி. பி.எஃப். விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி., ஆதாரில் இருக்கும் பழைய போன் நம்பருக்குப் போனால்?

யுஏஎன்

ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில்தான் போகணும். 4000 வாங்க இறங்குகிற அதே நாளில் கம்பத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.