மறு: 'கிளைமேட் ஸ்மார்ட்' வேளாண்மையும் 'எக்ஸ்டென்ஷ'னும்: தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'கிளைமேட் ஸ்மார்ட்' வேளாண்மைக்காக, உழவரிடம் வேளாண் ஆலோசனையைக் கொண்டுசேர்க்கும் 'எக்ஸ்டென்ஷன்' பணிகளை வலுப்படுத்துவது பற்றிய ஆங்கில ஆவணத்தைத் தமிழாக்கும்போது எழுந்த பேச்சு இது. உங்கள் மடல்களின் வரிகளை எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன். இழை முழுக்க 'ஸ்மார்ட்' என்ற ஒரு சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எனக்கு அதைவிட 'எக்ஸ்டென்ஷன்'தான் பெரிய சிக்கலாகப் படுகிறது. சரி, முதலில் ஸ்மார்ட்டை ஒரு வழி பண்ணிவிடுவோம்.

> 'சீர்மிகு நகரம்' என்று அரசே வைத்துவிட்டது. அதே வழியில் 'காலநிலைச் சீர்மிகு வேளாண்மை' என்றால் என்ன குறை?

காலநிலையின் சீர் குலைந்துபோனதால்தானே ஐயா இந்தப் பேச்சே வந்தது? அதன் பக்கத்தில் 'சீர்மிகு' நின்றால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. 'ஸ்மார்ட்'டுக்குச் சிலர் சொல்லும் 'சூட்டிகை', துறுதுறுப்பான பிள்ளையைச் சொல்லும் சொல். கிராமக் கூட்டத்தில் அதைச் சொல்ல உதவி வேளாண்மை அலுவலர் கூச்சப்படுவார். 'திறன்பேசி' நிலைத்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் 'காலநிலைத் திறன் வேளாண்மை' என்றால் திறன் யாருடையது? காலநிலையுடையதா, வேளாண்மையுடையதா?

கருத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2010இல் திஹேக் மாநாட்டையொட்டி முன்வைத்த பெயர் இது. அதற்குள் மூன்று நோக்கங்கள் உண்டு: விளைச்சலும் வருமானமும் நீடித்து உயர வேண்டும், மாறும் காலநிலைக்குப் பயிரும் உழவரும் தாக்குப்பிடிக்க வேண்டும், முடிந்த இடத்தில் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க வேண்டும்.

> 'காலநிலைக்கு ஈடுகொடுக்கும் வேளாண்மை' எளிமையாக இருக்கிறதே?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் பிடித்தது. ஆனால் அது இரண்டாவது நோக்கத்தை மட்டுமே பிடிக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2011இல் தொடங்கிய 'நிக்ரா' என்ற காலநிலை வேளாண் திட்டத்தின் பெயரில் இருப்பது 'ரெசிலியன்ட்', அதாவது தாக்குப்பிடிக்கும். 'ஈடுகொடுக்கும்' என்பதை அதற்கு ஒதுக்கி வைப்போம். சி.ஆர். 1009 சப்-1 நெல் இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்கிறது என்றால், அது ஈடுகொடுக்கும் ரகம். மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு குறைவதை அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியாது.

நான் சொல்வது: காலநிலையறிந்த வேளாண்மை. தலைப்பிலும் அட்டவணையிலும் இடம் போதாவிட்டால் 'காலநிலையறி வேளாண்மை'. இதில் பளபளப்பு இல்லை என்று ஒருவர் தனிமடலில் குறைப்பட்டார். இல்லாதது நல்லதுதான். லா வியா கம்பெசினா போன்ற உழவர் இயக்கங்கள் 'கிளைமேட் ஸ்மார்ட்' என்ற பெயரை எதிர்ப்பதற்கு ஒரு காரணமே, உர நிறுவனம் முதல் இயற்கை வேளாண் பண்ணை வரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய முத்திரையாக அது இருப்பதுதான். அந்த மினுக்கைத் தமிழிலும் சுமந்து வர வேண்டும் என்று நமக்குக் கட்டாயம் இல்லை.

காலநிலையா பருவநிலையா என்பதை நீட்டவேண்டாம். செய்தித்தாள்கள் இன்னும் 'பருவநிலை' எழுதுகின்றன, ஆனால் தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரே சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் துறை என்றாகிவிட்டது. உழவர் காதில் பருவம் என்றால் குறுவை, சம்பா, தாளடி. அதைக் குழப்பாமல் விட்டுவிடலாம்.

இனி 'எக்ஸ்டென்ஷன்'.

வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. பலகை எழுதியாகிவிட்டது, முத்திரை வெட்டியாகிவிட்டது, அந்தப் பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் துறைக்கு வெளியே இருப்பவரிடம் 'வேளாண் விரிவாக்கப் பணிகளை வலுப்படுத்துதல்' என்று சொல்லிப் பாருங்கள். சாகுபடிப் பரப்பைக் கூட்டப்போகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார், சாலை விரிவாக்கம் மாதிரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தது பல்கலைக்கழகப் படிப்பை வளாகத்துக்கு வெளியே நீட்டுவதற்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். அமெரிக்கா 1914இல் சட்டம் போட்டு அதை உழவர்களிடம் கொண்டுபோனது. நாம் அந்த நீட்டலை மட்டும் மொழிபெயர்த்தோம். டச்சுக்காரர்கள் 'முன்னால் விளக்குப் பிடித்தல்' என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள், ஜெர்மானியர்கள் 'ஆலோசனை' என்றார்கள். இலங்கையில் இந்த வேலையைப் பார்ப்பவர் விவசாயப் போதனாசிரியர். 'போதனை' மேலிருந்து கீழே பேசுவதாக இருக்கிறது என்று யாழ்ப்பாண நண்பர் முந்தைய மடலில் எழுதியது சரி. ஆனாலும் நம்முடைய 'விரிவாக்க'த்தைவிட அதில் ஆள் தெரிகிறார்.

> 'வேளாண் பரவலாக்கம்' என்றால் கருத்து நேராக வருமே?

ஒரு காலத்துக்கு அது பொருந்தியிருக்கும் அம்மா. அறுபதுகளில் தஞ்சையில் ஏ.டி.டீ. 27 நெல் வந்தபோது வானொலியில் அதைப் பற்றிக் கேட்டே பரவியதால் சனங்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். ஒரு விதை, ஒரு உர அளவு, ஊருக்கெல்லாம் ஒரே செய்தி. சொன்னால் போதும், பரவிவிடும். காலநிலையறிந்த வேளாண்மையில் அப்படிக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் மூட்டை எதுவும் இல்லை. வாரத்துக்கு வாரம், வயலுக்கு வயல் முடிவு மாறும்.

நெல்லில் நீரைக் குறைக்கும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நீளமான பெயர். தமிழில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று உழவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. (நம் குழுமம் உட்கார்ந்து யோசித்திருந்தால் 'மாற்றுமுறை ஈர உலர் பாசனம்' என்று எதையாவது செய்திருப்போம்.) ஒரு அடி நீள பி.வி.சி. குழாய். பாதிக்குக் கீழே சுற்றிலும் துளை. அந்தத் துளைப் பகுதி சேற்றுக்குள் இருக்கும்படி இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் எடுத்துவிட்டால் நிலத்தடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சி 5 சென்டிமீட்டர் நிறுத்த வேண்டும். பூக்கும் தருணத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், காயவிடக் கூடாது. தண்ணீர் எப்போதும் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது, அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனைக் கிளப்பும். இடையிடையே காய்ந்தால் அது வெகுவாகக் குறையும்.

இவ்வளவையும் ஒரு துண்டறிக்கையில் அச்சடித்துவிடலாம். ஆனால் வாய்க்கால் கடைமடையில் இருப்பவருக்கு, வயலைக் காயவிட்டால் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபோதே கட்டி வைத்துக்கொள்வார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கோ மின்சாரம் இலவசம். மோட்டார் ஓடாத நாளால் அவர் பையில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. இரண்டு பேரிடமும் ஒரே துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு பேருமே அதை மடித்து வைத்துவிடுவார்கள். முதலாமவருக்காக வேளாண்மை அலுவலர் நீர்வளத் துறைக்காரரிடம் முறை வைப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டாமவர் வயலில் ஒரு போகம் கூடவே நின்று, விளைச்சல் குறையவில்லை, பயிர் சாயாமல் நிற்கிறது என்று காட்ட வேண்டும். இதற்குப் பரவலாக்கம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

அதனால் என் முன்மொழிவு: வழித்துணை. வேளாண் வழித்துணைப் பணி. அதைச் செய்பவர் வழித்துணையர். 'வழிகாட்டி' ஏற்கெனவே கையேட்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் போய்விட்டது, தவிர வழிகாட்டி கையை நீட்டிவிட்டு அங்கேயே நின்றுகொள்ளலாம். துணை கூட நடக்கும்.

> புதுச்சொல் வைத்தால் மட்டும் துறை மாறிவிடுமா?

மாறாது. ஆனால் நாம் மொழிபெயர்க்கும் ஆங்கில ஆவணத்தில் 'வலுப்படுத்துதல்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, எதை வலுப்படுத்துவது என்று சொல்லாமலேயே. இன்று களப் பணியாளரின் நாள் எதில் போகிறது? மானியப் பயனாளிப் பட்டியல், காப்பீட்டுப் பதிவு, பயிர் அறுவடைப் பரிசோதனை, செயலியில் படம் ஏற்றுதல். 'விரிவாக்கம்' என்று எழுதினால் இவை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். 'வழித்துணை' என்று எழுதினால் உழவரோடு வயலில் நின்ற நேரம் மட்டும் தனியாகத் தெரியும். கணக்கு எடுப்பவருக்கு அது சங்கடமாக இருக்கலாம், இருக்கட்டும்.

சொல் தோற்ற கதையும் நம்மிடம் உண்டு. மடகாஸ்கரிலிருந்து வந்த, ஒற்றை நாற்றாக நடும் எஸ்.ஆர்.ஐ. நெல் முறைக்குத் துறை வைத்த பெயர் 'திருந்திய நெல் சாகுபடி'. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010இல் அதுவே 'ராஜராஜன் 1000' ஆனது. வயலில் இருந்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு 'ஒத்த நாத்து நடவு' என்றார்கள். செய்கிற வேலை அந்தப் பெயரிலேயே இருக்கிறதே! திருந்திய சாகுபடி என்றால் அதுவரை நாங்கள் செய்தது திருந்தாததா என்று ஒரு பெரியவர் பயிற்சிக் கூட்டத்தில் கேட்டார். அலுவலரிடம் பதில் இல்லை. ஆகவே 'காலநிலையறிந்த வேளாண்மை' ஆவணத்தோடும் திட்ட அறிக்கையோடும் நிற்கட்டும். ஊரில் பேசும்போது காய்ச்சலும் பாய்ச்சலும், மூழ்கினாலும் பிழைக்கும் நெல், செவ்வாயும் வெள்ளியும் வரும் வானிலை அறிவுரை என்று அந்தந்த வேலையின் பெயரையே சொல்லட்டும். கையேட்டின் களப்பகுதியில் கலைச்சொல்லே வேண்டாம் என்பது என் கட்சி.

மொழிபெயர்ப்பில் தலைப்பு இப்படி வரும்:

'காலநிலையறிந்த வேளாண்மைக்காக வேளாண் விரிவாக்கத் துறையின் வழித்துணைப் பணிகளை வலுப்படுத்துதல்'

துறையின் பெயருக்கு விரிவாக்கம், செய்யும் வேலைக்கு வழித்துணை. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன், எதையாவது வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். யாழ்ப்பாண நண்பரிடம் ஒரு கேள்வி: 'வழித்துணை' உங்கள் பக்கம் வேறு பொருளில் வழங்குகிறதா? கோயில் சார்ந்தோ சாவு சார்ந்தோ ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 'வழித்துணையர்' ஒட்டவில்லை என்றால் 'களத்துணைவர்' என்று ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், ஆனால் அதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. கையேடு அச்சுக்குப் போக வேண்டும் என்பதால் மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
டெல்டாவிலிருந்து